அனுமதிச் சீட்டு இல்லாத ஊற்று

டொப். டொப். டொப்.

முதலில் இந்தச் சத்தம்தான் கேட்டது. மரங்கொத்தி என்று நினைத்தவர்கள் உண்டு. யாரோ கொட்டை உடைக்கிறார்கள் என்று வாயில் எச்சில் ஊற ஓடிவந்த குரங்குகளும் உண்டு. கிட்டே போய்ப் பார்த்தால், வெட்டிய அடிமரத்தின் மேல் ஓர் இருவாச்சிப் பறவை உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தது.

ஒரு காட்டில் முத்திரை வந்துவிட்டது என்றால் அதற்கப்புறம் அது பழைய காடு இல்லை. இந்தக் காடு தெற்கே, பூமி முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது. சிங்கங்கள் ஆண்டன. நல்ல புல்வெளியெல்லாம் சிங்கங்களுக்கு. சிங்கம் புல் தின்னுமா என்று கேட்காதீர்கள். தின்னாது. ஆனாலும் சிங்கங்களுக்கு.

ஒருநாள் அவை கூடிப் பேசி, ஒவ்வொரு இனத்துக்கும் சொந்த நாடு கொடுத்துவிடுவது என்று பெரிய மனசோடு முடிவு செய்தன. மறுநாளே வரிசை நின்றது. லினேயோ என்ற இளம் வெள்ளாட்டின் முறை வந்தது.

"பிறந்த இடம்?" என்றது இருவாச்சி.

"இந்தப் புல்வெளிதான் ஐயா. எங்க அம்மாவும் இங்கதான் பிறந்தா."

"தப்பு. உன் நாடு அதோ, மலை மேல தெரியுதே, அந்தப் பாறை."

"நான் அங்க போனதே இல்லையே!"

"அப்ப எவ்வளவு ஏங்கிப்போயிருப்ப, பாவம்," என்றது இருவாச்சி. அதற்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. டொப்.

பாறையில் இருபது ஆடுகள் தாராளமாக நிற்கலாம். இரண்டாயிரம் போய்ச் சேர்ந்தன. ஒரு ஆடு புரண்டு படுக்க நினைத்தால் வரிசை முழுக்கப் புரள வேண்டும். அதற்கென்று மணி அடித்தார்கள். மற்றபடி குறை சொல்ல முடியாது. கொடி இருந்தது. நாட்டுப் பாட்டு இருந்தது. புல் முளைத்த ஒரே இடத்தில் சட்டசபை கட்டியிருந்தார்கள். முறுக்குக்கொம்பர் என்ற கிடா முதலமைச்சர். அவருக்கு நாற்காலி உண்டு என்பதால் அவர் மட்டும் மணி அடிக்காமலே புரளலாம்.

தின்ன ஏதாவது வேண்டுமென்றால் பழைய புல்வெளிக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். ஆனால் ஆடுகள் இப்போது வெளிநாட்டார் அல்லவா? கழுத்தில் அனுமதிச் சீட்டைக் கட்டிக்கொண்டு, விடிவதற்கு முன்னால் எருமை வண்டியில் தொங்கிக்கொண்டு போய், பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்டித் திரும்பிவிட வேண்டும். தங்கிவிட்டவர்களை இருவாச்சி தேடிப் பிடித்துச் சொந்த நாட்டுக்கு அனுப்பிவைக்கும்.

லினேயோவின் குடிசைக்குப் பின்னால் ஓர் ஊற்று இருந்தது. சிங்கங்கள் அதில் ஒரு குழாயைச் சொருகித் தண்ணீரைக் கீழே புல்வெளிக் குளத்துக்கு இறக்கிக்கொண்டன. ஆடுகள் அந்தக் குளத்துக்கு இறங்கிப் போய் ஆளுக்கொரு குடம் தூக்கி வந்தன.

வருஷங்கள் போயின. பிறகு காடே திரண்டு எழுந்து சத்தம் போட்டதில், சிங்கங்களுக்கு ஆண்டது போதும் என்று ஆகிவிட்டது. விடுதலை வந்தது. மூன்று நாள் ஆட்டம். தனி நாடுகள் எல்லாம் கலைக்கப்பட்டன. கொடியை இறக்கினார்கள். புல்வெளி மட்டும் சிங்கங்களிடமே இருந்தது, ஆடுகள் பாறையிலேயே இருந்தன. முறுக்குக்கொம்பர் நாற்காலியை விட்டு இறங்கி, யானை வைத்துத் தண்ணீர் விநியோகம் செய்யும் தொழிலில் இறங்கினார். புது அரசாங்கம் பாறையில் ஒரு தண்ணீர்க் குழாய் நட்டு, ரிப்பன் வெட்டி, கைதட்டிவிட்டுப் போனது.

குழாயில் காற்று வந்தது. சில நாள் எறும்பு வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

லினேயோ இப்போது நிறைசினை. குடம் தூக்கி மலை ஏற முடியாது. முறுக்குக்கொம்பரின் யானை செவ்வாய்க்கிழமை வரும் என்பார்கள். எந்தச் செவ்வாய் என்று சொல்ல மாட்டார்கள். வந்தாலும், குளத்தில் துதிக்கையால் உறிஞ்சியதில் பாதியை வழியிலேயே அது குடித்திருக்கும். குட்டி பிறக்கும்போது வீட்டில் ஒரு குடம் தண்ணீராவது வேண்டும். லினேயோவுக்கு வேறு கவலையே இல்லை. குடிசைக்குப் பின்னால் ஊற்றுத் தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் சலசலப்பைக் கேட்டுக்கொண்டே, காய்ந்த நாக்கோடு எத்தனை நாள் படுத்திருப்பது? மனு எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

அலுவலக வரிசையில் முன்னால் பக்கத்து வீட்டுக் கிடா செலீசோ நின்றிருந்தான்.

"என்னக்கா, நீயும் தண்ணி மனுவா? நான் போன மழைக்காலத்துல குடுத்தேன். நனைஞ்சிடுச்சுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"அப்ப உன் மனுவுக்காவது தண்ணி கிடைச்சிருக்கு," என்றாள் லினேயோ.

உள்ளே அதே அடிமரம், அதே இருவாச்சி. முத்திரை மட்டும் புதுசு. மனுவைப் படித்துவிட்டு அலகை ஆட்டியது.

"முடியாதும்மா. ஊற்று பழைய பாறை நாட்டோட சொத்து. அந்த நாடே இப்ப இல்ல."

"நாடு இல்லேன்னா ஊற்று இப்ப நம்ம எல்லாரோடதும்தானே ஐயா?"

"அப்படி எப்படி ஆகும்? விடுதலை உத்தரவைப் பாரு. 'பாறை நாட்டு ஆடுகள் அனைத்தும் இனி இக்காட்டின் குடிகள்.' ஆடுன்னுதான் போட்டிருக்கு. தண்ணியைப் பத்தி ஒரு வரியும் இல்ல. எழுதறப்ப மறந்துட்டாங்க."

லினேயோ வயிற்றுப் பாரத்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றினாள்.

"அப்ப தண்ணி இன்னும் பழைய நாட்டுக் குடிதானா?"

"சட்டப்படி, ஆமா."

"இந்தக் காட்டுக்கு அது வெளிநாட்டு ஆளு?"

"சட்டப்படி, ஆமா."

"அனுமதிச் சீட்டுச் சட்டத்தை ரத்து பண்ணியாச்சா ஐயா?"

இருவாச்சி ஓலைக்கட்டைப் பிரித்துப் பார்த்தது. எல்லா விலங்கும் குடிகள் ஆகிவிட்டதால் அந்தச் சட்டத்துக்கு ஆள் இல்லாமல் போயிருந்தது. அவ்வளவுதான். ரத்து பண்ண யாருக்கும் தோன்றவில்லை.

"இல்ல. உயிரோடதான் இருக்கு," என்றது ஆச்சரியத்தோடு.

"அப்ப ஒரு புகார் எழுதிக்கோங்க. எங்க ஊற்றுத் தண்ணி தினம் விடியறதுக்கு முன்னால எல்லை தாண்டிப் போவுது. கழுத்துல சீட்டு இல்ல. ஒருநாள்கூட பொழுது சாய்ஞ்சு வீடு திரும்பினதில்ல."

இருவாச்சியின் இறகுகள் சிலிர்த்தன. விடுதலைக்குப் பிறகு அதற்குப் பிடித்தமான வேலை என்று ஒன்றும் வந்திருக்கவில்லை.

"ஒருநாள்கூடவா?"

"ஒருநாள்கூட."

"எத்தனை வருஷமா?"

"என்னை இங்கேர்ந்து அனுப்பினீங்களே, அப்பேர்ந்து."

"என் கண்ணுக்கு முன்னாலேயே!" என்று இருவாச்சி துடித்துப்போனது. அன்று மாலைக்குள் நான்கு நீர்நாய்களை மலைக்கு அனுப்பி, கீழே போகும் குழாயை அடைத்து, தண்ணீர் மொத்தத்தையும் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. பாறைக் குழாய் இருமியது, எறும்பைத் துப்பியது, பிறகு கொட்டோ கொட்டென்று கொட்டியது.

இரண்டு நாள் கழித்து லினேயோவுக்கு இரட்டைக் குட்டி பிறந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் இருந்தது. அதில் விளையாடக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் கீழே குளம் வற்றியது. நாலாம் நாள் காலையில் லினேயோ குழாயடியில் உட்கார்ந்து, பிரசவத்தில் சேர்ந்துபோன பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கிழட்டுச் சிங்கம் ஒன்று குடத்தைக் கவ்விக்கொண்டு மூச்சு வாங்க மலை ஏறி வந்தது. பின்னாலேயே முறுக்குக்கொம்பர். அவருடைய யானை இப்போது தண்ணீரைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் ஒரு சட்டமா?" என்று குடத்தை வைத்துவிட்டுச் சிங்கம் கத்தியது. "ஓடற தண்ணிக்குச் சீட்டா? அதுக்கு ஒரு எல்லையா? மனசாட்சி வேண்டாமா?"

"அதானேண்ணே!" என்றான் செலீசோ. "இப்படி ஒரு அநியாயம் உண்டா?"

"உடனே ஒழிக்கணும்!"

"கண்டிப்பா ஒழிக்கணும்," என்றன இரண்டாயிரம் ஆடுகளும். யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. மணி அடித்திருந்தால்கூட அசைந்திருக்க மாட்டார்கள்.

சிங்கம் லினேயோவைப் பார்த்தது. "நீயாவது சொல்லும்மா."

"பெரிய கொடுமைதான் ஐயா. எனக்கு நல்லாத் தெரியும்," என்றாள் அவள். சிங்கத்தின் குடத்தை எட்டி எடுத்துக் குழாயடியில் வைத்தாள். அது நிரம்பட்டும் என்று விட்டுவிட்டு, அடிப்பிடித்த சட்டியைத் திருப்பி வைத்து, சாம்பலைத் தொட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.

நீதி, தேவைப்படுபவர்களுக்கு: கெட்ட சட்டத்தை ஒழிக்க எல்லோரும் ஒற்றுமையாகப் போராட வேண்டும், அவரவர் வீட்டில் பாத்திரம் கழுவி முடித்த பிறகு.