ரோனாவின் உதவித்தொகைக்கு நான் போட்ட வரி

அன்புள்ள மொராக் அக்காவுக்கு,

தங்கை ஃப்ளோரா மரியாதையுடன் எழுதுவது. ஆல்பர்ட்டாவில் பனி விட்டிருக்கும், தொழிலாளர் முகாமின் சமையலறையில் நின்று நின்று வந்த உன் முதுகுவலியும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே கேப் பிரெட்டனில் எல்லோரும் சுகம். உன் மகள் ரோனாவும் சுகம்தான். இந்த வருஷம் அவளுடைய வரிக்கணக்கை நான் போட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் இன்னும் சுகமாக இருந்திருப்பாள். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னவர் அங்கஸ் இறந்த பிறகு வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல், தேவாலயக் கூடத்தில் நடக்கும் இலவச வரிக்கணக்கு முகாமில் தொண்டராகச் சேர்ந்தேன். இரண்டு நாள் பயிற்சி, கழுத்தில் ஒரு பேட்ஜ். அதை மாட்டிக்கொண்டு நான் மளிகைக்கடைக்கும் போனேன் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பு. மார்ச்சில் ரோனா வந்தாள். மூட்டுவாதத்தால் அவள் பருவத்துக்கு இரண்டு பாடம்தான் எடுக்கிறாள், மாகாணம் தரும் மாற்றுத்திறனாளி உதவியில்தான் வாழ்கிறாள். போன வருஷம் கல்லூரி கொடுத்த உதவித்தொகையில் கட்டணம் போக மீதி வாடகைக்குப் போனது. நான் கையேட்டைத் திறந்தேன். முழுநேர மாணவர் என்றால் உதவித்தொகைக்கு வரி இல்லை, பகுதிநேரம் என்றால் கட்டணமும் புத்தகச் செலவும் போக மீதி வருமானம். அந்த இடத்தில் கையேட்டை மூடிவிட்டேன்.

"சித்தி, என்கிட்ட டாக்டர் எழுதிக் குடுத்த ஊனச் சான்று இருக்கே, அதுக்கு ஏதாச்சும் விதி இருக்கா பாருங்களேன்" என்றாள்.

"பேட்ஜ் யாரு கழுத்துல தொங்குது?"

"உங்க கழுத்துலதான்."

"அப்ப கையெழுத்தப் போடு. நம்ம குடும்பத்துல யாரும் அரசாங்கத்த ஏமாத்தினதில்ல."

வீங்கின விரலோடு போட்டாள்.

ஏப்ரலில் நோட்டீஸ் வந்தது, வரி கட்டு என்று. பின்னாலேயே மாகாண அலுவலகத்திலிருந்து இன்னொன்று: இந்த வருமானம் எங்கிருந்து வந்தது, விளக்காவிட்டால் மாத உதவி நிறுத்தப்படலாம். எனக்கு வந்த கோபத்தில் உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு இரண்டு பக்கம் எழுதினேன், முடியாத பிள்ளைகளின் வயிற்றில் அடிக்கும் அரசே, நீ உருப்படுவாயா என்கிற தோரணையில். அவர்கள் அப்படியே போட்டார்கள். என் பெயருக்குக் கீழே 'வரி ஆலோசகர்' என்றும் போட்டார்கள். அதை எழுதிக் கொடுத்ததும் நான்தான் அக்கா.

அந்த வியாழக்கிழமை டார்பிஷ் சீட்டாட்டத்துக்குப் போனேன். சுரங்க அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ஹெக்டர் எனக்குக் கூட்டாளி. சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆரம்பித்தார்.

"பேப்பர்ல நல்லா எழுதியிருக்கேம்மா. கையேட்டுல அதுக்கடுத்த பத்தியப் படிச்சியா?"

"எந்தப் பத்தி?"

"ஊனச் சான்று இருந்தா பகுதிநேரப் பிள்ளையும் முழுநேரம் மாதிரிதான். அந்த உதவித்தொகைக்கு வரியே கெடையாது."

அவர் மனைவி எஃபி, "விடுங்க, பாவம். இப்பத்தான் ரெண்டு பக்கம் திட்டி ஓஞ்சிருக்கா" என்றாள்.

"நான் எங்க திட்டினேன்? நீ சீட்ட எறக்கு" என்றார் ஹெக்டர்.

பக்கத்து மேசைகளில் ஆட்டம் நின்றுபோயிருந்தது. நான் என் கூட்டாளி போட்ட சீட்டையே வெட்டினேன்.

படிக்காமல் விட்டதுகூடப் பெரிதில்லை. பிள்ளை சரியான கேள்வியைக் கேட்டாள், நான் கழுத்தைக் காட்டினேன். அவள் உதவி கேட்டு வந்தாள் என்று நினைத்தேன். உண்மையில் யாராவது என்னிடம் வந்து நிற்கவேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தது நான்தான். அடுத்த பருவத்துக்கான பதிவுத்தாள் அவள் சமையலறை மேசையில் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தேன். என்னால்தான் படிப்பை விடப்போகிறாளோ என்று அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிட்டுத் திருத்தப் படிவத்தை நிரப்புகிறேன், ஹெக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. திட்டுவதானால் என்னைத் திட்டு.

கடவுள் உன் முதுகையும் உன் மகளையும் காக்கட்டும். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு என் அன்பைச் சொல்.

தலைகுனிந்து,
உன் தங்கை ஃப்ளோரா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மனசு கேட்கவில்லை, இப்போதே ரோனா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கணினியைத் திருப்பிக் காட்டினாள். திருத்தத்தை அவளே போட்டுவிட்டாள், வரி இல்லை என்று பதிலும் வந்துவிட்டது, மாகாணமும் விளக்கத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த பருவத்துக்கும் இணையத்தில் பதிந்துவிட்டாளாம், மூன்று பாடம்.

"எப்ப கண்டுபிடிச்சே?"

"கையெழுத்துப் போட்ட அன்னைக்குச் சாயங்காலமே. நோட்டீஸ் வந்தப்புறம்தான் திருத்த முடியும், அதான் காத்திருந்தேன்."

"அன்னைக்கே என்கிட்ட சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

தேநீரைக் கலக்கி என் பக்கம் நகர்த்தினாள். "சித்தப்பா போனப்புறம் அன்னைக்குத்தான் நீங்க தலைய நல்லா சீவி வந்திருந்தீங்க, சித்தி."

ஆகவே அக்கா, மேலே எழுதியது எதுவும் இப்போது செல்லாது. வெட்கம் மட்டும் அப்படியே இருக்கிறது, அதற்கான காரணம்தான் மாறிவிட்டது.