பதினோரு பேர் அடங்கிய படம்

படத்தில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நான்காவது ஆளின் காது மட்டும் ஓரத்தில் தொங்கியது.

எடுத்தவரை விட்டால் அந்தப் பதிவேட்டு அறையில் பதினோரு பேர். காசாளர் வெளியே போக வேண்டுமென்றால் நான்கு பேர் எழுந்து நாற்காலியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பெரிய அறை கேட்டு மனுப் போட்டார்கள். வெளியூரில் இருக்கும் தலைமை அலுவலகம், அறையின் நிலையைப் புகைப்படத்தோடு காட்டச் சொல்லிவிட்டது.

டைரக்டர் அந்த வேலையைத் தானாக இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஆள் குமாஸ்தாதான். போன மாதம் கேமரா வாங்கி, அதைக் கழுத்தில் மாட்டியபடியே கோப்பு பார்க்க ஆரம்பித்ததால் வந்த பட்டம் அது.

பின்னால் நகர்ந்து எடுக்கலாமென்றால், பின்னால் சுவர்.

"டேப் வச்சு அளந்து, நீள அகலத்தை எழுதி அனுப்புங்க. வேலை முடிஞ்சுது" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

"அளவுக்கு உணர்ச்சி கிடையாதுக்கா" என்றார் டைரக்டர்.

அறை முழுவதையும் ஒரே படத்தில் அள்ள மீன்கண் லென்ஸ்தான் சரி என்று போனில் படித்திருந்தார். முதலில், இருக்கிற லென்ஸின் முன்னால் திருகுகிற மலிவுச் சரக்கை வாங்கினார். சுற்றிலும் கருப்பு, நடுவில் வட்டமாகப் பதினோரு முகங்கள். எந்தக் கிணற்றில் விழுந்தோம் என்று கேட்டார் காசாளர்.

அடுத்து நிஜ லென்ஸ் வாங்கப் போனார், கேமராவை வீட்டில் வைத்துவிட்டு.

"என்ன கேமரா சார் வச்சிருக்கீங்க?"

"கருப்பு."

கடைக்காரர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. கையில் கிடைத்ததைக் கட்டிக் கொடுத்தார். அது கேமராவின் வாயில் நுழையவே இல்லை. மாற்றி வாங்க மேற்கொண்டு பணம் வேண்டியிருந்தது.

"எனக்குக் கண்ணாடி மாத்தக் காசில்ல. மீனோட கண்ணுக்கு மட்டும் எங்கருந்து வருதோ" என்றாள் மனைவி, அவரைப் பார்க்காமலே.

மூன்றாவது பொருந்தியது. கையால் வளையத்தைத் திருகித்தான் தெளிவு கொண்டுவர வேண்டும் என்பது நாற்பது மங்கல் படங்களுக்குப் பிறகு விளங்கியது. தெளிவான முதல் படத்தில் பதினோரு பேரோடு அவருடைய செருப்பும் தொப்பையும் விழுந்திருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்தார். செருப்பு மறைந்தது, தொப்பை மறையவில்லை. கடைசியில் இரும்பு அலமாரியின் உச்சியில் ஏறி, பல்லி மாதிரி மூலையில் ஒட்டிக்கொண்டு அமுக்கினார்.

எல்லாம் விழுந்தது. நாலு சுவர், ஜன்னல், மின்விசிறி, எங்கோ தொலைவில் எறும்பு அளவுக்குக் காசாளர். அவரவர் முகத்தை அவரவர் தேடிப் பார்த்துப் பூரித்தார்கள். டைப்பிஸ்ட் அக்கா மட்டும் படத்தைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் காசாளர் வெளியே கிளம்பியதால் எழுந்து நாற்காலியைத் தூக்க வேண்டியதாயிற்று.

அக்கா அளந்து எழுதிவைத்திருந்த தாளை உறையிலிருந்து உருவி எறிந்தார் டைரக்டர். படமே பேசுமாம்.

பேசியது. பத்தே நாளில் வாசலில் லாரி வந்து நின்றது. புது அறைக்குப் போக ஆளுக்கொரு மூட்டை கட்டி வைத்திருந்தவர்கள் எழுந்தார்கள், இருந்த இடத்தில் எழ முடிந்த அளவுக்கு. டைரக்டர் கழுத்துக் கேமராவைச் சரிசெய்தபடி முன்னால் வந்தார்.

வேர்த்து வழிய நின்ற சுமைக்காரர் கையில் அதே படம்.

"எட்டு மேசை இறக்கணும், உக்காரப் போற எட்டுப் பேரும் நாளைக்கு வந்துருவாங்க. இந்தப் படத்துல இருக்கிற பெரிய ஹால் எந்தப் பக்கம் சார்?"