டியூப் அண்ணே கேட்ட கேள்வி

மதுரை ஜில்லாவிலேயே பஞ்ச காலத்தில் வெள்ளத்துக்குப் பயந்த ஒரே ஆள் எங்கள் டியூப் அண்ணேதான். எழுபதுகளின் கடைசி. கண்மாய் வறண்டு, பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடிய கோடையில்கூட, மனுஷன் காற்றடித்த லாரி டியூப்பைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் திரிவார். காளவாசலில் பஞ்சர் கடை வைத்திருந்தார். டியூப்புக்கா பஞ்சம்!

ஒருநாள் கடையை மூடிவிட்டு, கீழக்குயில்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குத் திரும்ப பஸ் ஏறினார். கண்டக்டர் மறித்தார்.

"யோவ், அதுக்கு லக்கேஜ் டிக்கெட் எடு."

"உள்ள வெறுங் காத்துதானய்யா இருக்கு. காத்துக்கு எதுக்கு டிக்கெட்டு?"

"அப்பக் காத்தப் புடுங்கிட்டு ஏறு!"

அண்ணே இறங்கி நடந்தே வந்து சேர்ந்தார். "தண்ணி வந்தப்புறம் பம்ப்பைத் தேடிக்கிட்டா இருப்பாக?" என்று எங்களிடம் ஞாயம் வேறு கேட்டார்.

யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டியா?" என்று கேட்கிற ஊரில், அவர் மட்டும் "நீச்சத் தெரியுமா?" என்பார். என் அக்கா கல்யாணத்தில் மணமக்களுக்குத் திருநீறு பூசிவிட்டு, "மாப்ள, நீச்சத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டார். மாப்பிள்ளை திருதிருவென்று முழித்தார். பெண் வீட்டில் ஏதோ புதுசாக நிபந்தனை போடுகிறார்கள் என்று பதறிய அவருடைய அப்பா, "நல்லா நீந்துவான், நல்லா நீந்துவான்" என்று முந்திக்கொண்டார். அடுத்து என் பக்கம் திரும்பினார் அண்ணே.

"எனக்குத் தெரியாதுண்ணே. நம்ம ஊருல தண்ணி எங்கண்ணே இருக்கு?"

"வரும்டா தம்பி."

அவர் பயம் கிறுக்கு இல்லை. எங்கள் தெரு கண்மாய்க் கரைக்கு நேர் கீழே இருந்தது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் கலிங்கு வழியாக வெளியே போக வேண்டும். எங்கள் ஆட்களோ இரண்டாம் போகத்துக்கு ஆகட்டும் என்று, கலிங்கில் நட்டிருக்கும் கற்களுக்கு நடுவே பலகை வைத்து மண்ணைக் கொட்டி அடைத்துவிடுவார்கள்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. கலிங்கை அடைக்க ஊரே மண்வெட்டியோடு திரண்டபோது அண்ணே குறுக்கே போய் நின்றார்.

"வேணாம்ப்பா. தண்ணி போகட்டும். கரை தாங்காது."

"பஞ்சர் ஒட்டுற ஆளுக்கு வெவசாயம் என்னய்யா தெரியும்?"

"வெவசாயம் தெரியாது. கரையில கசியுது. பஞ்சர் எப்பிடி ஆரம்பிக்கும்னு எனக்குத் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பங்குக்கு ஒரு கூடை மண்ணும் போட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம், சோற்றில் கை வைத்த நேரம், கரை உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் பள்ளிக்கூட மாடிக்குப் போய்விட்டார்கள். கழுத்தளவு தண்ணீரில் நான் ஒரு முருங்கை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அலறினேன். சுவர் சுவராகப் பிடித்து அண்ணே என்னிடம் வந்தார். தன் கழுத்திலிருந்த டியூப்பைக் கழற்றி என் தலைவழியே மாட்டினார்.

"ஒனக்குத்தான் தெரியாதுன்னியே. புடி. நான் நீந்தி வாரேன்."

நான் மரத்தை விட்டுவிட்டு டியூப்பைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் என்னைப் பிள்ளையார் கோவில் மேட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தது. திரும்பிப் பார்த்தேன். முருங்கை மரம் அங்கே இல்லை.

மறுநாள் காலையில், வடிந்த வயலில் அவரைக் கண்டெடுத்தோம். "நீந்தி வாரேன்னுதானே சொன்னாரு, அண்ணி" என்று அவர் சம்சாரத்திடம் நான் அழுதேன். அண்ணி நிமிர்ந்தார்.

"அந்த மனுசனுக்கு நீச்சலா? வாய்க்கால்ல எறங்கவே பயப்படுவாரே, தம்பி."

"நீச்சத் தெரியுமா?" என்று ஊர் முழுக்கக் கேட்டார் அண்ணே. ஒருத்தர்கூட அவரிடம் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. நானாவது கேட்டிருக்கலாம், அண்ணே.