புலியின் படமும் முக்கால் பையும்

ஒரு காட்டில் ஒரு புலி வாழ்ந்து வந்தது. இதுவரை எல்லாக் கதைகளிலும் உள்ளதுதான். அந்தப் புலிக்கு ஓர் அட்டையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இது மற்ற கதைகளில் இல்லை.

காட்டின் நடுவில் ஒரு சுனை. கோடையில் மற்ற ஓடைகளெல்லாம் வற்றினாலும் இது வற்றாது. அதில் முதலில் வாய் வைக்கும் உரிமை, சுனை அட்டை வைத்திருப்பவருக்கு மட்டும். அட்டை இல்லாதவர்கள் காட்டுப்பன்றிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். காட்டுப்பன்றிகள் குடிப்பதோடு நிறுத்துவதில்லை. குடும்பத்தோடு இறங்கிப் புரண்டுவிட்டுத்தான் போகும். அதன் பிறகு அங்கே எஞ்சுவதைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது, குழம்பு என்று சொல்லலாம்.

அட்டை தரும் அலுவலகம் ஒரு மரப்பொந்து. இருவாச்சிப் பறவைகளில் பெண்பறவை முட்டையிடும் காலத்தில் பொந்துக்குள் நுழைந்து, வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகை நீட்டுகிற அளவுக்கு ஒரே ஒரு கீறலை மட்டும் விட்டுவைக்கும். இதை நான் இட்டுக்கட்டவில்லை. பறவைகளைப் பற்றிய எந்த நூலிலும் பார்த்துக்கொள்ளலாம். இப்படி ஒரு பறவை இருக்கும்போது தனியாகக் கவுண்டர் எதற்கு என்று காட்டின் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். சொர்ணம்மாள் என்ற இருவாச்சியை எழுத்தராக நியமித்தார்கள். கீறலுக்குள் புலி நுழையாது, காகிதம் நுழையும். எனவே புகைப்படம் தேவைப்பட்டது.

புலியின் பெயர் மாசிலாமணி. அது சேவுகன் என்ற முயலிடம் போனது. காட்டில் கேமரா இருந்தது சேவுகனிடம் மட்டுமே. அமுக்கியதும் படத்தை நாக்குப் போல வெளியே நீட்டும் வகைக் கேமரா. யாரோ சுற்றுலாப் பயணி அவசரமாக ஓடியபோது விட்டுப் போனது.

"தம்பி, ஒரு படம் எடுத்துக் குடு. நல்லா வந்தா நீ என் நண்பன். அட்டை கிடைக்கலைன்னா உன்னைச் சாப்பிட வேண்டி வரும். கோபத்துல சொல்றேன்னு நினைக்காதே. முன்கூட்டியே சொல்லிடறது முறை, அதான்."

"சரிங்க ஐயா," என்றது சேவுகன். அதன் கை அப்போதே ஆடத் தொடங்கிவிட்டது.

மரநிழலில் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் கேமராவின் கண் நெடுநேரம் திறந்திருக்கும். அதுவரை கை ஆடக் கூடாது. முதல் படத்தில் மூன்று புலிகள் தெரிந்தன. இரண்டாவதில் புலி ஆவியாகிக்கொண்டிருந்தது. மூன்றாவது, வெயிலில் காயப்போட்ட மஞ்சள் புடவை போல இருந்தது. மூன்றையும் சொர்ணம்மாள் கீறல் வழியே பார்த்தார்.

"தெளிவா இல்லை. அடுத்தவங்க வாங்க."

"அடுத்தது யாரும் இல்லைம்மா, நான்தான் நிக்கறேன்," என்றது மாசிலாமணி.

"அப்ப நீங்களே மறுபடி வாங்க. நான் இந்தச் சுவரை உடைச்சு வெளியே போறதுக்குள்ள வாங்க. போயிட்டா அப்புறம் அடுத்த வருஷம்தான்."

சேவுகன் நேராகத் தையல்சிட்டு அஞ்சலையிடம் ஓடியது. இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் பறவை அது. நாக்கும் ஊசிதான்.

"கை ஆடுதுன்னா கேமராவை எதுக்குக் கையில வெச்சிருக்கே? பாறை மேல ஒரு பையைப் போட்டு, அது மேல வை. உனக்கு நடுக்கம் இருக்கலாம், பைக்கு இருக்காது."

அதே சுற்றுலாப் பயணி ஒரு ஜீன்ஸ் காலையும் விட்டுப் போயிருந்தார். (மற்றதைப் பற்றி நாம் விசாரிக்க வேண்டாம்.) அஞ்சலை அதன் ஒரு முனையைத் தைத்தது. உள்ளே என்ன போடுவது என்ற கேள்வியில் கதை ஒரு மாதம் நின்றது.

முதலில் ஆற்று மணல். பை அசையவில்லை, அதைத் தூக்க வந்த சேவுகனும் அசையவில்லை. ஒருவழியாக இழுத்து வந்து படமெடுத்தால், தையல் வழியே கசிந்த மணல் கேமராவுக்குள் போய், படம் நறநறவென்று பாதி வந்து நின்றது. பாதிப் புலிக்குப் பாதி அட்டை கிடையாது.

அடுத்து இலவம்பஞ்சு. கேமராவை வைத்ததும் அது மெல்லத் தலைகுனிந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டத்தில் உட்கார்ந்தவரைப் போலப் பையில் முகம் புதைத்தது. படத்தில் புலியின் நகங்கள் மட்டும் விழுந்தன.

"கனமா இருக்கணும், ஆனா அமுக்குனா வழி விடணும்," என்றது அஞ்சலை. "மொச்சை போடு. வாய் வரைக்கும் திணிக்காதே. முக்கால் பங்கு போதும். நெறைச்சு வெச்சா அது தலையணை, கேமரா உருண்டுடும். கால் பங்கு காலியா இருந்தாத்தான் மொச்சை நகர்ந்து எடம் குடுக்கும்."

மொச்சை அற்புதமாக அமைந்தது. கேமரா தன் கூட்டில் உட்கார்ந்த பறவை போலப் பதிந்து நின்றது. மாசிலாமணி மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தது. சேவுகன் கண்ணைக் கேமராவில் வைத்தது. படச்சட்டம் முழுக்கப் பல். பயம் வந்தால் முயலுக்கு எதையாவது கொறிக்க வேண்டும். பக்கத்தில் இருந்தது பை.

"தம்பி, கேமரா கீழே போயிட்டே இருக்கே?"

"இல்லைங்க ஐயா," என்றது சேவுகன், வாய் நிறைய.

பல்லுக்கு ஒரு மொச்சை என்ற கணக்கில் பை காலியானது. அஞ்சலை ஓட்டையைத் தைத்துக்கொண்டே திட்டியது. மறுநாளும் மொச்சை, மறுநாளும் ஓட்டை. பத்து நாளில் சேவுகனுக்குத் தொந்தி விழுந்தது. மாசிலாமணி அதைக் கவனித்தது, ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததுதான் சேவுகனுக்குக் கவலையாக இருந்தது.

தீர்வு அலுவலகத்தின் காலடியிலேயே கிடந்தது. சொர்ணம்மாளின் கணவர் நாள் முழுக்கப் பழம் கொண்டுவந்து கீறல் வழியே ஊட்டுவார். அம்மாள் சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே துப்புவார். அதில் எட்டிக்கொட்டை ஏராளம். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு, விஷமும்கூட. யாரும் வாய் வைக்க மாட்டார்கள். அஞ்சலை அதை முக்கால் பங்கு நிரப்பித் தைத்து முடித்தது.

"இதையும் தின்னேன்னா, ஐயாவுக்கு வேலை மிச்சம்," என்றது.

அன்று எடுத்த படம் காட்டையே நின்று பார்க்க வைத்தது. புலியின் ஒவ்வொரு மீசை முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. மூக்கில் உட்கார்ந்திருந்த ஈயின் கால்களை எண்ணலாம்; ஆறு. கேமராவும் பையுமாகச் சேவுகனும் மாசிலாமணியும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுக்கொண்டு அலுவலகம் போனார்கள்.

சொர்ணம்மாள் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அதன் பின்புறம் 'தெளிவு சரி' என்று முத்திரை குத்தினார். பிறகு பழைய கோப்பை இழுத்தார். அதில் ஐந்து வருடத்துக்கு முன், அப்போது கேமரா வைத்திருந்த ஒரு குரங்கு, கிளையிலிருந்து விழும்போது புலியை எடுத்த படம் இருந்தது. மஞ்சளாக ஏதோ ஒன்று இடமிருந்து வலமாகப் போகும் படம்.

"ஒத்துப் போகலையே."

"எதோட?"

"கோப்பிலே இருக்கிற புலிக்கு முகம் கிடையாது. இவருக்கு முகம் இருக்கு. நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"நான்தாம்மா அது. இதோ நிக்கறேனே," என்றது மாசிலாமணி.

"நீங்க நிக்கறது கீறல்ல தெரியலை சார். தெளிவு முடிஞ்சு போச்சு, அதுல இனிமே சிக்கல் இல்லை. பழைய படத்தோட ஒத்துப்போற மாதிரி ஒண்ணு கொண்டு வாங்க. சாயங்காலம் நான் சுவரை உடைக்கறேன்."

"முதல்ல குடுத்த மூணு படமும் அப்படித்தானே இருந்தது? அதைத் திருப்பிக் குடுங்க," என்றது சேவுகன்.

"அதையெல்லாம் குஞ்சுக்கு அடியிலே விரிச்சாச்சு."

பையைத் தூக்கி எறிந்துவிட்டு, சேவுகன் கேமராவைக் கையில் எடுத்தது. அமுக்கியது. மறுபடியும் மீசை, மறுபடியும் ஈ. இன்னொன்று. அதுவும் பளிச்சென்று இருந்தது.

"நடுங்கு தம்பி," என்றது மாசிலாமணி கெஞ்சலாக.

"வரமாட்டேங்குதுங்க ஐயா. நாப்பது நாளா உங்க பல்லையேதான் பார்த்துட்டிருக்கேன். பழகிப்போச்சு."

மாசிலாமணி காடதிர ஒரு கர்ஜனை செய்தது. வரிசையில் நின்ற மான்கள் வரிசையை விட்டே போய்விட்டன.

"தொண்டை கட்டியிருக்கா ஐயா?" என்று கேட்டது சேவுகன்.

"அட்டை கிடைக்கலைன்னா உன்னைச் சாப்பிடணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. நீங்க சொன்ன சொல் மாறமாட்டீங்க, அதுவும் தெரியும். கைதான் கேட்கமாட்டேங்குது."

இருவரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். புலிக்கு முயலைச் சாப்பிட மனமில்லை. முயலுக்குச் சாகவும் மனமில்லை. ஆனால் பேச்சு பேச்சுதான். மேலே சொர்ணம்மாள் அலகால் சுவரைக் கொத்தத் தொடங்கிவிட்டார்.

அப்போது கீறல் வழியே ஒரு காகிதம் மிதந்து வந்து சேவுகனின் மடியில் விழுந்தது.

"இதை மறந்துட்டேன்," என்றார் அம்மாள். "இணைப்பு ஏழு. படம் எடுத்தவர் நிரப்பணும். மூணு பிரதி, கறுப்பு மை. அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாது. செல்லாட்டா வரிசையிலே கடைசிலேர்ந்து வரணும்."

சேவுகன் படித்தது. முதல் வரி: 'காதின் நீளம் (பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி)'. இரண்டாவது வரி: 'இல்லையெனில் ஏன் இல்லை'. மூன்றாவது வரி: 'மேற்கண்ட இரண்டும் பொருந்தாதெனில் இணைப்பு எட்டு'.

முதலில் காது ஆடியது. பிறகு மீசை. பிறகு கை, புயலில் மாட்டிய வாழையிலை போல.

மாசிலாமணி ஒரு நொடியும் வீணாக்கவில்லை. கேமராவை அந்தக் கைகளில் திணித்துவிட்டு, எதிரே போய் நின்றது. கேமரா நாக்கை நீட்டியது. மஞ்சளாக ஏதோ ஒன்று, இடமிருந்து வலமாக.

சொர்ணம்மாள் பார்த்தார். அவர் குரலில் முதன்முறையாகக் கனிவு தெரிந்தது.

"இது அவரேதான். என்ன ஒரு ஜாடை."

முத்திரை விழுந்தது. அட்டை வந்தது.

"அம்மா, இந்த இணைப்பு ஏழு?" என்று ஈனக் குரலில் கேட்டது சேவுகன்.

"அது பை வெச்சு எடுத்த படத்துக்கு மட்டும்தான். இதைப் பார்த்தாலே தெரியுதே, பை இல்லாம எடுத்ததுன்னு."

சுவர் உடைந்தது, அம்மாள் பறந்து போனார். மாசிலாமணி பன்றிகளுக்கு முன்னால் போய் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தது. பை சேவுகனுக்குத் தலையணையானது. முக்கால் பங்குதான் நிரம்பியிருந்ததால் தலை நன்றாகப் பதிந்தது. கசந்ததால் தூக்கத்தில்கூட அதை அது கடிக்கவில்லை.

நீதி: பையை முக்கால் பங்கு மட்டுமே நிரப்புங்கள், மிச்சமுள்ள கால் பங்கில் கொஞ்சம் நடுக்கத்தைப் போட்டுப் பத்திரப்படுத்துங்கள், அலுவலகத்தில் கேட்பார்கள்.