செத்த கிருமியின் பசி

உலகத்தில் எத்தனையோ வகை மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மழை, வெயில், தோல்வி எதற்கும் அசையாத ஒரு வகைக்கு 'நம்பிக்கையளிக்கும் பேராசிரியர்' என்று பெயர். இவரை நீங்கள் எங்கேயாவது கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பல்கலைக்கழக நடைபாதையில் தெரியாத்தனமாக "ஆராய்ச்சி எப்படிப் போகுது?" என்று கேட்டுவிட்டால் போதும், உங்கள் கையில் இருக்கிற காபி ஆறி, ஆடை படிந்து, நீங்கள் போக வேண்டிய இடத்தில் உங்களைத் தேட ஆரம்பிக்கிற வரைக்கும் விடமாட்டார். முடிவு வந்துவிட்டதா? இல்லை. எப்போது வரும்? அதை அப்படிக் கேட்கக் கூடாது. "ஆரம்பக் கட்டம்தான், ஆனா ரொம்ப நம்பிக்கையா இருக்கு" என்பார். போன முறை கேட்டபோதும் இதைத்தான் சொன்னார். அப்போது உங்களுக்குத் தலைமுடி இருந்தது.

இவரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பல்கலைக்கழகப் பத்திரிகையில் இவர் படம் வரும்போதெல்லாம் ஒரு கண்ணாடிக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். குடுவைக்குள் இருப்பது அழகான நீல நிறத் தண்ணீர். ஆராய்ச்சியில் நீலத் தண்ணீருக்கு வேலையே கிடையாது. நிஜமான குடுவையில் இருப்பது பழைய கஞ்சி நிறத்தில் ஏதோ ஒன்று. படம் பிடிக்க வந்தவர் கேக்குக்குப் போடும் சாயத்தில் இரண்டு சொட்டு விட்டிருப்பார். அடுத்த அடையாளம், அவர் கூட்டங்களில் திரையிட்டுக் காட்டும் கடைசிப் படம். குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடிக்கும் ஒரு குழந்தை. அது யார் வீட்டுக் குழந்தை, எந்த ஊர்க் குழாய் என்று யாரும் கேட்டதில்லை. குழந்தை தண்ணீர் குடிக்கும்போது கேள்வி கேட்டால் நாகரிகமாகவா இருக்கும்?

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் என்னைப் புளுகன் என்பீர்கள். ஆகவே இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறேன். பெயர் கெரிட் ஹூக்ஸ்ட்ரா. ஊர் அமெரிக்காவின் மிச்சிகன். தொழில், தண்ணீரில் கலந்த விஷத்தைக் கிருமிகளை விட்டுத் தின்ன வைப்பது. விஷம் என்றால் சாதாரண விஷம் இல்லை. பல்கலைக்கழகத்திலிருந்து சற்றுத் தள்ளி எல்க் ஹாலோ என்ற சிற்றூரில், தோல் காலணிகளுக்கு ஈரம் ஒட்டாத பூச்சுப் போடும் தொழிற்சாலை ஒன்று முன்பு இருந்தது. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பூச்சு மட்டும் மண்ணில் இறங்கி, கிணறுகளிலும் ஆற்றிலும் புகுந்து, வெயிலுக்கும் பனிக்கும் மசியாமல் உட்கார்ந்துவிட்டது. மீனைத் தின்னாதே, ஆற்று நுரையைத் தொடாதே என்று ஆற்றங்கரையெங்கும் பலகைகள். ஊர்க்காரர்கள் பனிக்காலத்தில்கூடக் காரை வெளியே நிறுத்திவிட்டு, கார் நிறுத்தும் கொட்டகையில் புட்டித் தண்ணீரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கு வேகவைக்கவும் அதுதான், பிள்ளைகள் பல் துலக்கவும் அதுதான்.

விஷம் இவ்வளவு காலம் ஓரிடத்தில் கிடந்தால், அதைத் தின்னப் பழகிய ஜீவன் ஏதாவது அங்கேயே இருக்க வேண்டும் என்பது ஹூக்ஸ்ட்ராவின் கணக்கு. நியாயமான கணக்கு, கேலி செய்ய அதில் ஒன்றும் இல்லை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தொழிற்சாலையின் பழைய சாக்கடையில் இறங்கி, ஜாம் புட்டிகளில் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தார். சேற்றிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தார். அதற்கு வில்மா என்று பெயர் வைத்தார். வில்மா அவர் முன்பு வளர்த்த நாய்; சோபா, காலுறை, தேவாலயத்துப் பாட்டுப் புத்தகம் என்று எதைப் போட்டாலும் தின்னும். பெயருக்கேற்ற பசி கிருமிக்கும் இருக்கும் என்று மனிதர் மனதார நம்பினார். காலையில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததும் மனிதர்களுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால் அதற்குத்தான் சொல்வார். இந்த அன்பு பொய்யில்லை. இந்த இனத்திடம் இருக்கும் பெரிய ஆபத்தே அதுதான்.

வில்மா உண்மையிலேயே தின்கிறதா என்று பார்க்க ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு குடுவையில் விஷத் தண்ணீரும் உயிருள்ள கிருமியும் போடுவார்கள். பக்கத்துக் குடுவையில் அதே தண்ணீர், அதே கிருமி. ஆனால் கிருமியை முதலில் அழுத்தச் சட்டியில் வேகவைத்துக் கொன்றுவிட்டுப் போடுவார்கள். உயிருள்ள குடுவையில் விஷம் குறைந்து, செத்த குடுவையில் குறையாமல் இருந்தால், தின்றது கிருமிதான் என்று ருசுவாகும். இந்தத் தொழிலில் இதைவிடப் பழைய சடங்கு கிடையாது.

உயிருள்ள குடுவையில் விஷம் குறைந்தது. ஹூக்ஸ்ட்ரா எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தார். பத்திரிகை அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினார். நீலச் சாயம் வந்தது.

செத்த குடுவையை அளந்தது பரீசா. ஈரானிலிருந்து வந்து அவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் படிப்பவள். இந்தக் கிருமியைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வேடு. கிருமி தின்னாவிட்டால் அவளுக்கும் அடுப்பு எரியாது. ஒருமுறை அளந்து, நம்பாமல் மறுபடி அளந்து, அதையும் நம்பாமல் குடுவைகளையே புதிதாகப் போட்டு அளந்து முடித்த பிறகுதான் அவர் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். அந்தக் கதவு சாத்தி யாரும் பார்த்ததில்லை.

"கெரிட், செத்த குடுவையிலயும் குறைஞ்சிருக்கு."

"எவ்வளவு?"

"உயிரோட இருக்கிறதுல எவ்வளவோ, அவ்வளவு."

ஹூக்ஸ்ட்ரா நாற்காலியில் சாய்ந்தார். இதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வேறு எந்த மனிதனாக இருந்தாலும் அங்கேயே இடிந்துபோய் உட்கார்ந்திருப்பான். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் இனம் அப்படிப்பட்டதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகம் தெளிந்தது. கண்ணில் ஒளி வந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்போ செத்த பிறகும் தின்னுது."

"கெரிட், நாம அதை வேகவெச்சிருக்கோம்."

"தெரியும். அதான் ஆச்சரியம்."

பரீசா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். யாரும் எதையும் தின்னவில்லை. அந்த விஷத்துக்கு எதிலாவது ஒட்டிக்கொள்வது சுபாவம். செத்த உடம்பிலும் ஒட்டும், உயிருள்ள உடம்பிலும் ஒட்டும், குடுவைச் சுவரிலும் ஒட்டும். தண்ணீரில் குறைந்ததே தவிர உலகத்தில் குறையவில்லை. தின்றிருந்தால் விஷம் உடைந்து, எச்சமாக ஃப்ளூரைடு உப்பு விழுந்திருக்க வேண்டும். சாப்பிட்ட இலையில் கறிவேப்பிலையாவது கிடக்க வேண்டாமா? தேடிப் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. ஹூக்ஸ்ட்ரா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எல்லாம் சரி, ரொம்பச் சரி என்றார். ஆனாலும், என்று ஆரம்பித்தார். பரீசாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

இதெல்லாம் அவர்கள் இருவரோடு போயிருந்தால், ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் ஏதோ ஒரு குடுவை என்று விட்டுவிடலாம். அந்த வாரம் எல்க் ஹாலோவில் ஊர்க்கூட்டம் இருந்தது. ஊர்த் தலைவி லொரெய்ன் கூயிமன், பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். ஊர்த் தண்ணீர் முழுவதற்கும் பெரிய கரி வடிகட்டி ஒன்று போட்டுவிட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். கரி வடிகட்டி அதிசயமெல்லாம் ஒன்றும் இல்லை. விஷத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நிறைந்ததும் கரியை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். வரி ஏறும். வடிகட்டியா, அல்லது பேராசிரியரின் கிருமி வரட்டும் என்று காத்திருப்பதா என்று அன்றைக்கு ஊர்ச் சபையில் வாக்கெடுப்பு. ஊரின் கிணறும் குழந்தைகளின் வயிறும் அந்த ஒரு முடிவில் இருந்தன.

மண்டபம் நிறைந்திருந்தது. யாரோ ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அதற்கு மாவு பிசைந்ததும் புட்டித் தண்ணீரில்தான். ஹூக்ஸ்ட்ரா படங்களைக் காட்டினார். சாக்கடை, பூட்ஸ், ஜாம் புட்டி, நாய் வில்மா (எல்லோரும் சிரித்தார்கள்), கிருமி வில்மா, கீழ்நோக்கி இறங்கும் கோடு. செத்த குடுவையின் கோடும் கூடவே இறங்கியதே, அது எங்கே? அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம் என்று எடுத்து வைத்துவிட்டார். கடைசியில் குழந்தை வந்தது, குழாயில் வாய் வைத்தது.

லொரெய்ன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பேராசிரியர், நான் பஸ் ஓட்டுறவ. எனக்குச் சுருக்கமா சொல்லணும். இந்த வருஷம் வடிகட்டி வாங்கட்டுமா, வேண்டாமா?"

வாங்குங்கள் என்று சொன்னால் முடிந்தது. ஒரே சொல். ஹூக்ஸ்ட்ராவுக்கு அது தெரியும்; அவர் வீட்டுக் குழாயின் அடியிலேயே அப்படிக் கரி வடிகட்டி ஒன்று இருக்கிறது, அதில் கரி மாற்ற வேண்டும் என்பதுகூட அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது. நாக்கு நுனி வரை அந்தச் சொல் வந்தது. அதற்குள் எதிரே பார்த்தார். மண்டபத்தில் அத்தனை முகங்களும் தன்னையே நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டார். வாழ்நாளில் ஒரு வகுப்பில்கூட மாணவர்கள் அவரை அப்படிப் பார்த்தது கிடையாது.

"அது ஊர் எடுக்க வேண்டிய முடிவு. என்னைக் கேட்டா... ஆரம்பக் கட்டம்தான். ஆனா ரொம்ப நம்பிக்கையா இருக்கு."

பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. ஆளுக்கு மூன்று நிமிடம். பேராசிரியரோடு வந்திருந்த பரீசா எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தாள். தன் பட்டத்தைத் தானே கிழித்துப் போடப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. வடிகட்டியை வாங்கிவிடுங்கள், கிருமி இன்னும் எதையும் தின்னவில்லை, செத்த கிருமியைப் போட்டாலும் இதேபோல்தான் குறைகிறது என்று சொன்னாள். பின்வரிசையில் வேட்டைத் தொப்பி போட்ட ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"தண்ணியில குறைஞ்சது நிஜம்தானே?"

"நிஜம். ஆனா, அது வந்து..."

"செத்தாலே இவ்வளவு வேலை செய்யுதுன்னா, உயிரோட இருந்தா எப்படி இருக்கும்?"

மண்டபம் கைதட்டியது. பரீசா பேராசிரியரைத் திரும்பிப் பார்த்தாள். ஹூக்ஸ்ட்ரா தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் முடிந்ததென்று மணி அடித்தார்கள்.

வடிகட்டி வேண்டும் என்று கை தூக்கியது லொரெய்ன் மட்டும். மற்ற சபை உறுப்பினர்கள் ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். வரி ஏறவில்லை. எல்லோருக்கும் பரம திருப்தி. லொரெய்ன் யாரையும் திட்டவில்லை. மீதி ஆப்பிள் பையை மூடி வைத்துவிட்டு, காலையில் பேருந்து எடுக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

வாசலில் ஊர்க்காரர்களுக்குப் புட்டித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கர்ப்பிணி ஒருத்தி பெட்டியைத் தூக்கக் குனிவதைப் பார்த்து ஹூக்ஸ்ட்ரா ஓடிப்போய் வாங்கி, அவள் வண்டியின் பின்னால் வைத்தார். அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அவள் நன்றி சொல்லிவிட்டு, "அடுத்த வருஷம் இதெல்லாம் தூக்க வேண்டியிருக்காது, இல்ல?" என்றாள். ஹூக்ஸ்ட்ரா வழக்கமான பதிலைச் சொன்னார். தன் வாயிலிருந்து அது வருவதைத் தன் காதால் கேட்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. கார் வரைக்கும் இருந்தது. காரில் ஏறி உட்கார்ந்ததும், கிருமிக்கு இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பான இடம் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

அவரை நீங்கள் திட்டிக்கொண்டிருப்பது எனக்குக் கேட்கிறது. தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் ஒன்று, மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த வெதுவெதுப்பான குடுவையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறதா? ஒருவேளை இந்தத் தடவை தின்றிருக்குமோ என்று உள்ளே ஒரு மூலையில் லேசாக அரிக்கிறதா? அப்படியானால் உள்ளே வாருங்கள், மண்டபத்தில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். திரும்பிப் போகும்போது வாசலில் ஒரு பெட்டி தண்ணீர் எடுத்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள்.