சரஸ்வதி பூஜையில் உட்கார்ந்த கம்ப்யூட்டர்

ஸ்ரீரங்கம்,
விஜயதசமி, மதியம்.

அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை திரு. சித்தார்த்தன் அவர்களுக்கு,

மாமனார் ரெங்கராஜ் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை பானுமதியும் மாத்திரை, கஷாயம் சகிதம் நலம். அங்கே நீங்களும் அனுசுயாவும் அவை இல்லாமலே நலமாயிருக்க அரங்கனை வேண்டுகிறேன். போன வருஷம் நீங்கள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் மட்டும் நலமாக இல்லை.

போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். எனக்கு மெதுவாகப் பேச வராது மாப்பிள்ளை. முக்கொம்பு அணையில் ஷட்டர் திறக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வேலை பார்த்த தொண்டை இது. நான் போனில் ரகசியம் பேசினால் வடக்கு வாசல் வரை கேட்கும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், என் போனுக்கு வருவதை எல்லாம் எனக்குப் படித்துச் சொல்வதே உங்கள் அத்தைதான், ஏனென்றால் என் கண்ணாடி எப்போதும் நான் இல்லாத அறையில் இருக்கும். ஆகவே பேனாவை எடுத்தேன். தயவுசெய்து இதை அனுசுயா பக்கத்தில் இல்லாதபோது படிக்கவும். அவளுக்குத் தெரிந்தால் அவள் அம்மாவுக்கும் தெரிந்த மாதிரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அத்தை இந்த வயதில் அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படிப்பது உங்களுக்குத் தெரியும். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதால் நின்றுபோன படிப்பு. கடைசி வருஷத்துக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். 'திருச்சி நகரப் பேருந்து நடத்துநர்களின் பேச்சு' என்று அவளே தலைப்பு வைத்துக்கொண்டாள். காலையில் சமையலை முடித்துவிட்டு பஸ் ஏறுவாள். சத்திரம் பேருந்து நிலையம், ஜங்ஷன், காட்டூர் என்று போய்க் கண்டக்டர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வருவாள். மத்தியானம் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி கம்ப்யூட்டரில் அடிப்பாள். மாதக்கணக்கான உழைப்பு. தீபாவளிக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்று என்றைக்கோ சொன்னதாக ஞாபகம். அந்த ஆய்வேடு மொத்தமும் அந்த ஒரே பெட்டிக்குள்தான் இருக்கிறது. அந்தப் பெட்டியைத்தான் நான் கெடுத்துவிட்டேன்.

கெடுக்க வேண்டும் என்று உட்காரவில்லை. மேட்டூர் நீர்மட்டம் பார்க்க உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆகி இத்தனை வருஷமாகியும் காலையில் அணையில் எத்தனை அடி என்று தெரியாவிட்டால் எனக்குக் காபி இறங்காது. அன்றைக்கு ஏதோ ஒரு பக்கத்தில், தமிழ்நாட்டு அணைகளின் நீர்மட்டம் தினமும் உங்கள் திரையிலேயே, முற்றிலும் இலவசம் என்று போட்டு, பச்சை நிறத்தில் பெரிய பொத்தான் வைத்திருந்தான். இலவசம் என்று சொன்ன பிறகு அமுக்காமல் இருப்பது மரியாதை இல்லையே என்று அமுக்கினேன். நீர்மட்டம் வரவில்லை. ரம்மி வந்தது, தொப்பை குறைக்கும் பொடி வந்தது, நான் எதையோ வென்றுவிட்டதாக வாழ்த்து வந்தது. ஒன்றை மூடினால் மூன்று திறந்தது. கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது ஷட்டர்களை ஒற்றை ஆளாக நின்று பார்த்துக்கொண்டவன் நான், இந்தச் சின்னச் சின்ன ஜன்னல்களை மூட முடியவில்லை. அப்புறம் திரை சிவப்பாகி, சங்கு ஊதி, ஒரு பெண்பிள்ளை இங்கிலீஷில் அலற ஆரம்பித்தாள். உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று. அடுப்படியிலிருந்து உங்கள் அத்தை, "யாருங்க அது?" என்றாள். "நியூஸ்," என்றேன். எண்ணை உள்ளங்கையில் குறித்துக்கொண்டேன். அதற்குள் திரை நீலமாகி, ஒரு சோக முகத்தைக் காட்டிவிட்டு, நின்றுபோனது. மறுபடி போட்டால் புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. பிரதட்சிணம் முடிந்ததும் திரும்பவும் அதே சோக முகம்.

இன்னும் சற்று நேரத்தில் அவள் வந்து உட்காருவாள். அப்போதுதான் சுவரில் காலண்டர் கண்ணில் பட்டது. அன்று மூல நட்சத்திரம். சிலர் வீட்டில் மூலத்தன்றே சரஸ்வதியை ஆவாகனம் பண்ணிவிடுவார்கள், புத்தகமெல்லாம் அன்றைக்கே பூஜைக்குப் போய்விடும். நம் வீட்டில் அந்த வழக்கம் கிடையாது. நம் வீட்டில் சரஸ்வதி பூஜை என்றால் பூஜையன்று காலையில் நாலு புத்தகத்தை அடுக்கிப் பொட்டு வைப்பதுதான். இருந்தாலும் நான் ஒயரைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கிப் பூஜை அலமாரிக்கு எதிரே மணையில் வைத்து, சந்தனம் தடவி, குங்குமம் இட்டு, என் மயில்கண் பட்டு வேட்டியைப் போர்த்திவிட்டேன். பூஜையில் வைத்ததை எடுத்துப் படிக்கவோ எழுதவோ கூடாது அல்லவா. உங்கள் அத்தை வந்து பார்த்தாள். இது என்ன புதுசா என்று கேட்டாள். கல்விக்கு அதிபதியை இந்த வருஷமாவது முறையாகக் கும்பிடலாம் என்று தோன்றியது என்றேன். வேட்டி முனையை இழுத்துச் சரிசெய்தாள். "என் அஞ்சு அத்தியாயமும் அதுக்குள்ளதான் இருக்கு. பத்திரமா இருக்குமா?" என்றாள். சரஸ்வதியே காவல் இருக்கும்போது என்ன பயம் என்று சொல்லிவிட்டு நான் வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

மறுநாள், என்னோடு காலையில் நடக்க வரும் பிச்சமுத்துவிடம் மட்டும் சொன்னேன். உள்ளங்கையில் இருந்ததைப் பார்த்து, கம்பெனிக்காரனே எண் கொடுத்திருக்கும்போது நீ ஏன் பயப்படுகிறாய் என்றார். நியாயமாகப் பட்டது. அம்மா மண்டபம் படித்துறையில் நின்று கூப்பிட்டேன். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் நம் வீட்டு விஷயம் தெரிந்துவிட்டது, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. எடுத்தவன் நல்ல பையன், மாப்பிள்ளை. பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். உங்கள் கம்ப்யூட்டருக்குள் ஆயிரக்கணக்கில் வைரஸ் இருக்கிறது, உடனே ஆன் பண்ணுங்கள், நான் இங்கிருந்தே உள்ளே வந்து சரிசெய்கிறேன் என்றான். தம்பி, அது பூஜையில் இருக்கிறது, ஆன் பண்ணக்கூடாது என்றேன். ஹேக்கர்கள் இந்த நிமிஷம் உள்ளே புகுந்துகொண்டிருக்கிறார்கள் என்றான். ஒயரே சொருகவில்லை, எதிரில் விளக்கு எரிகிறது, எப்படிப் புகுவார்கள் என்று கேட்டேன். அவன் போனை வைத்துவிட்டான்.

ஆனாலும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இந்தக் காலத்தில் யாருக்கு இவ்வளவு பொறுப்பு இருக்கிறது, சொல்லுங்கள். அவன் கூப்பிடும்போதெல்லாம் பால் வாங்கி வருகிறேன் என்று தெருவுக்கு ஓடினேன். வீட்டில் வைக்க இடமில்லாமல் பால் சேர்ந்து, உங்கள் அத்தை தினமும் பாயசம் வைக்கிறாள். அம்மன் எழுந்துவிட்டாளா என்று கேட்பான். ராகு காலம், எமகண்டம், புனர்பூஜை எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். முதலில் கோபப்பட்டான், அப்புறம் அழாக்குறையாகக் கெஞ்சினான், அப்புறம் சுண்டல் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டான். அவன் வீட்டிலும் அம்மா பூஜை வைத்திருக்கிறாராம். இவனுக்கு லீவு தரவில்லையாம். வேலை முக்கியம்தான் தம்பி, ஆனால் பெற்றவள் கூப்பிடும்போது ஓர் எட்டு போய்விட்டு வந்துவிடு என்றேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்கிள், அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க. யார் போன்ல கேட்டாலும் உள்ள விடாதீங்க. நானே கேட்டாலும் விடாதீங்க," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அப்புறம் கூப்பிடவே இல்லை. ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்கும் பிச்சமுத்துவுக்கும் இன்றுவரை விளங்கவில்லை.

இதற்கு நடுவில் நான் இன்னொரு ஏற்பாடும் செய்தேன். ஒருவேளை ஆய்வேடு போய்விட்டால் என்ன செய்வது. அவளையே வாயால் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டால், பின்னால் திரும்ப அடித்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அதனால் சாப்பிட்ட பிறகு எதிரே உட்கார்ந்து, உன் ஆராய்ச்சியில் அப்படி என்னதான் இருக்கிறது, முதலிலிருந்து சொல்லு என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தாள். கூட்டத்தைக் கண்டக்டர் எப்படி நகர்த்துகிறார், கிழவிக்கு ஒரு குரல், காலேஜ் பையனுக்கு ஒரு குரல், படியில் தொங்குபவனுக்கு ஒரு குரல் என்று. சத்திரத்தில் ஒரு கண்டக்டர், "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ளயும் திருச்சிதான்," என்பாராம். அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நேற்று அவள் கண்டக்டர், நான் சில்லறை இல்லாத பயணி. பிச்சமுத்து வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். இவ்வளவு நாளும் இவள் பொழுதுபோகாமல் ஊரைச் சுற்றிவிட்டு வருகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன் மாப்பிள்ளை. ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. குறிப்பு எடுக்க வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

இன்று காலை புனர்பூஜை, பூஜையில் வைத்ததைத் திரும்ப எடுக்கும் நாள். உங்கள் அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்து வேட்டியை விலக்கினேன். பெட்டியின் மேல் நைவேத்தியத்துக்குப் பொரியும் வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வைத்திருந்தேன், அந்த வாசனைக்கு எறும்பு வந்திருக்கிறது. சாரிசாரியாக ஓட்டைகள் வழியே உள்ளே போய்க் குடியேறிவிட்டது. எறும்பு போகாத ஓட்டைகளை நான் தடவிய சந்தனம் அடைத்திருக்கிறது. துணிந்து ஒயரைச் சொருகிப் போட்டேன். சந்தனம் மணத்தது, அப்புறம் கருகியது, அப்புறம் ஒன்றுமே இல்லை. இப்போது சோக முகம்கூட வருவதில்லை. உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று சொல்ல முடியாது, எறும்பு இருப்பது நிச்சயம்.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே ஏதாவது ஆபீஸ் வேலை என்று சொல்லி நீங்கள் மட்டும் புறப்பட்டு வந்து, வேறு எது போனாலும் அந்த ஆய்வேட்டை மட்டும் உள்ளே இருந்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அதுவரைக்கும் உங்கள் அத்தைக்குப் போன் பண்ணி, கம்பெனியிலிருந்து சொல்லியிருக்கிறார்கள், யாரும் அதைத் தொடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள். இன்றைக்கு மட்டும் நான், சரஸ்வதி இன்னும் புறப்படவில்லை, நட்சத்திரம் சரியில்லை என்று சமாளித்து வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் போனால் போகட்டும். நின்றுபோன படிப்பை அவள் திரும்பத் தொடங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். இரண்டாவது தடவையும் அது என்னால் நின்றுபோனது என்று ஆகிவிடக்கூடாது.

தங்களுக்கும் அனுசுயாவுக்கும் நோயில்லாத உடம்பையும், வைரஸ் இல்லாத கருவிகளையும், என்னைப் போலல்லாத புத்தியையும் அரங்கன் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்,
ரெங்கராஜ்.

பி.கு.: வீட்டில் கோந்து தீர்ந்துவிட்டது. சோற்றுப் பருக்கை வைத்துக் கவரை ஒட்டுகிறேன். உங்கள் அத்தை தில்லை நகர் பக்கம் போகிறாளாம், கொரியரில் போட அவளிடமே கொடுக்கிறேன். உள்ளே பஞ்சாங்கம் என்று சொல்லியிருக்கிறேன். சந்தேகமே வராது.

இன்னொரு பி.கு.: மாப்பிள்ளைக்கு, அத்தை எழுதறேன். பருக்கை வெச்சு ஒட்டின கவர் நான் பஸ் ஏறுறதுக்குள்ள வாயைத் திறந்துடுச்சு. கவலைப்படாதீங்க. ஆய்வேட்டை நவராத்திரிக்கு முன்னாடியே புத்தூர் ஹாஜிரா ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்து, பைண்ட் பண்ணி யுனிவர்சிட்டியில கொடுத்தாச்சு. அனுசுயாவுக்கும் ஒரு காப்பி மெயில்ல அனுப்பியிருக்கேன். கொடுத்த அன்னைக்கே இவர்கிட்ட சொன்னேன். பேப்பர் படிச்சிட்டே "ம்"ன்னார். மூல நட்சத்திரம்னு ஆரம்பிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அவரோட நட்சத்திரமே நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். போன்ல பேசினவன் திருடன்னு அவர்கிட்ட சொல்ல வேண்டாம், அவனுக்குப் பலகாரம் அனுப்ப அட்ரஸ் தேடிட்டு இருக்கார். கல்யாணமான நாள்லேருந்து நான் பேசறதை எதிர்ல உட்கார்ந்து அவர் கேட்டது இந்த சில நாளாத்தான். அவருக்குச் சொல்ல இன்னும் ரெண்டு அத்தியாயம் பாக்கி இருக்கு. அதனால நீங்க முன்னாடியே வர வேண்டாம், தீபாவளிக்கே வந்தாப் போதும். அதுக்குள்ள போன் பண்ணிக் கேட்டார்னா, ரொம்ப சிக்கலான வைரஸ், மெதுவாத்தான் சரியாகும்னு சொல்லிடுங்க.