வரி ஓரத்தில் ஓர் இடைவெளி

பெயர் சொல்லி ஒருவர் எழுதும் கடிதத்துக்கு என்ன விலை? பைசாண்டு ஊரில் சீஸ் கடை வைத்திருக்கும் அனிபாலைக் கேட்டால், வரி ஓரத்தில் ஓர் இடைவெளி என்பார்.

கால் கிலோ சீஸில் ஆரம்பித்தது. எடைச் சீட்டு அடிக்கும், யாரும் எடுத்துத் திருத்தக்கூடிய கட்டற்ற கணினி நிரல் அதை இருநூற்றைம்பது கிலோ என்று அடித்துத் தந்தது.

"தூக்க ஆள் அனுப்பட்டுமாண்ணே?" என்று கேட்டான் எதிர்க் கறிக்கடை வில்மார். அவன் கடையிலும் அதே நிரல், அதே கூத்து.

கோளாறு ஒரே வரிதான். அனிபாலுக்கு நிரல் எழுத வரும். தன் பிரதியில் சரிசெய்துவிட்டார். ஊருக்கும் கிடைக்கட்டுமே என்று அனுப்பப் போனால், நிரலின் இணையதளம் கணக்குத் தொடங்கு என்றது, கைபேசி எண் கொடு என்றது, படத்தில் எங்கெங்கே பேருந்து இருக்கிறது காட்டு என்றது. கடனுக்குச் சீஸ் கேட்பவனிடம்கூட அவர் இவ்வளவு விசாரித்ததில்லை. நல்லவேளை, அடியில் பொடி எழுத்தில் இருந்தது: கணக்கு வேண்டாதவர்கள் மின்னஞ்சலில் அனுப்பலாம்.

அனுப்பினார். நிரலைப் பராமரிக்கும் மான்சில்யா சிலியின் தென்கோடியிலிருந்து அன்றே எழுதினார்: 'அனிபால் அவர்களே, வரி உடைந்து வந்திருக்கிறது. மறுபடி அனுப்புங்கள். இங்கே ஒரே காற்று. அங்கே?'

மகன் ஸ்பெயினுக்குப் போனபின் மின்கட்டண அறிவிப்பைத் தவிர எதுவும் வராத அஞ்சல்பெட்டி அது. அனிபால் அந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார்.

இணைப்பாக அனுப்பினார், கடிதத்துக்குள்ளேயே ஒட்டச் சொன்னார் மான்சில்யா. ஒட்டினார், எழுத்தெல்லாம் கொத்துக்கறியாய்ப் போனது. ஒவ்வொரு மறுப்போடும் ஒரு செய்தி வந்தது: நாய்க்குக் காலில் அடி, அடுப்பு புகைகிறது.

கடைசியில் சரியாக அனுப்பும் வித்தை பிடிபட்டது. பொத்தான்மேல் விரல் நின்றது. சரியாய்ப் போனால் 'சேர்த்துவிட்டேன், நன்றி' என்று வரும். அப்புறம்? வரி ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளியைத் தட்டி அனுப்பினார்.

'ஓரத்தில் இடைவெளி இருக்கிறது. மறுபடி அனுப்புங்கள். நாய் நடக்கிறது.'

குளிர்காலம்வரை இப்படியே ஓடியது. ஆனால் எதிரே வில்மார் கடையைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு குத்தியது. தன் சுகத்துக்காக இன்னும் எத்தனை கடையில் கால் கிலோ டன் கணக்கில் போகிறதோ! மாத்தே தேநீர் குடிக்க வந்த வில்மாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். இன்றே சுத்தமாக அனுப்பி முடித்துவிடுவதாகவும் சொன்னார்.

வில்மார் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தான்.

"எந்தக் காலத்துல இருக்கீங்கண்ணே? சொந்தப் பிரதியையே ஓட்டிக்கிட்டு இருந்தா எப்படித் தெரியும்? கோடையில கார்னிவல் திருவிழா அப்பவே புதுப் பதிப்பு வந்து எனக்குச் சரியாப்போச்சு. திருத்தினவர்னு உங்க பேரைத்தான் அந்த ஆளு போட்டிருக்காரு."

அவன் போனபின் அனிபால் கணினி முன் உட்கார்ந்தார். சேர்த்தபின்னும் 'மறுபடி அனுப்புங்கள்' என்ற அந்தப் பக்கம் ஒரு பொய், இந்தப் பக்கம் ஒரு பொய். ஓரத்தில் இரண்டு இடைவெளியாகவே தட்டி, நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டு அனுப்பினார். பற்றும் வரவும் நேர். பாக்கி, ஒரு பதில்.